பராமரிப்பு நேரத்தைத் திருப்பித் தாருங்கள்: லினக்ஸ் சேவையகங்களை நடத்தும் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

நம் நிறுவனத்தின் சேவையகங்களுக்கு, அதாவது சர்வர் கணினிகளுக்கு, மாதம் ஒருமுறை ஒதுக்கப்பட்டிருந்த பராமரிப்பு நேரத்தை மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைப்பதாகவும், ஆதரவுக் காலம் முடிந்துபோன பழைய சேவையகங்களை அப்படியே தொடர்ந்து இயக்குவதாகவும், பாதுகாப்புக் கண்காணிப்புக்கென்று இருந்த தனிப் பொறுப்பைப் பயனர் உதவிப் பிரிவோடு இணைத்துவிடுவதாகவும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை எதிர்த்து இம்மடலை எழுதுகிறேன். மூன்று முடிவுகளுக்கும் சுற்றறிக்கை சொல்லும் காரணம் ஒன்றே: நம் கணினிகள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்குகின்றன, லினக்ஸ் இயல்பிலேயே பாதுகாப்பானது, ஆகவே அதற்கென்று தனியாக நேரமும் ஆளும் ஒதுக்கத் தேவையில்லை. இந்தச் சேவையகங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே காரணத்தைச் சொல்லி இதே முடிவை எடுத்த நிர்வாகங்கள் வேறு சிலவும் உண்டு என்று இத்துறை நண்பர்கள் வழியாக அறிகிறேன். இம்மடல் அவர்களுக்கும் உரியது.

லினக்ஸைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. பயனர்களுக்கிடையே தெளிவான உரிமை வரம்புகள், கையொப்பமிட்டு வழங்கப்படும் மென்பொருள் தொகுப்புகள், எவரும் படித்துச் சோதிக்கக்கூடிய மூலநிரல் ஆகிய எல்லாம் உண்மையான பலங்கள். அவற்றை நம்பித்தான் நானும் இத்தனை காலம் இதில் வேலை செய்கிறேன். ஆனால் அந்தப் பலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுற்றறிக்கை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஓட்டை, அதாவது தாக்குபவருக்கு இடந்தரும் நிரல் பிழை, கண்டுபிடிக்கப்பட்டதும் அதற்கான திருத்தம் பெரும்பாலும் அதே நாளிலோ சில நாள்களுக்குள்ளோ இலவசமாக வந்துவிடுகிறது. அந்தத் திருத்தத்தின் மூலநிரலும் அதே நேரத்தில் உலகத்துக்கே திறந்து வைக்கப்படுகிறது. எந்த வரி மாற்றப்பட்டது என்று பார்த்தால் எந்த வரியில் ஓட்டை இருந்தது என்பது தாக்க நினைப்பவருக்கும் தெரிந்துவிடும். எனவே திருத்தம் வெளியான நேரத்துக்கும் அதை நாம் நம் கணினியில் நிறுவும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலமே மிகவும் ஆபத்தானது. மாதாந்தரப் பராமரிப்பு நேரம் அந்த இடைவெளிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது. உங்கள் முடிவால் இப்போது அதற்கு வரம்பே இல்லாமல் போயிருக்கிறது.

மூலநிரலைப் பல கண்கள் பார்ப்பதால் பிழைகள் தங்காது என்று கூட்டங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பதிவான வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷ் நிரலில் 2014 செப்டம்பரில் கண்டறியப்பட்டு ஷெல்ஷாக் என்று பெயர் பெற்ற ஓட்டை 1989 முதலே அதற்குள் இருந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் நினைவகக் கையாளுகையில் இருந்த டர்ட்டி கவ் ஓட்டை 2007இல் நுழைந்து 2016 அக்டோபரில்தான் மூடப்பட்டது. நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சுடோ கட்டளையில் 2011இல் புகுந்த பிழை 2021 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. உரிமைகளைச் சரிபார்க்கும் போல்கிட் தொகுப்பில் உள்ள பிகேஎக்ஸெக் என்ற சிறு நிரலில் 2009 முதல் இருந்த பிழை 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே அதைப் பயன்படுத்தி ரூட் என்ற முழு நிர்வாகி உரிமையைக் கைப்பற்றும் நிரல் பொதுவெளியில் கிடைத்தது. கடைசியாகச் சொன்ன மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சாதாரணப் பயனர் ஒருவராக உள்ளே நுழைந்தவர் முழுக் கணினிக்கும் உரிமையாளராகிவிட முடியும். ஒரு வலைச்செயலியில் சிறு கவனக்குறைவு இருந்தால் அதன் வழியே எந்த உரிமையும் இல்லாத ஒரு கணக்கு மட்டுமே தாக்குபவருக்குக் கிடைக்கும். உரிமை வரம்புகள் அங்கே அவரைத் தடுத்து நிறுத்த வேண்டும். திருத்தப்படாத சுடோவோ பழைய கெர்னலோ அந்தக் கணினியில் இருந்தால் அந்தத் தடை இல்லை. லினக்ஸ் இயல்பிலேயே பாதுகாப்பானது என்று நீங்கள் சொல்லும்போது நினைவில் வைத்திருக்கும் உரிமை வரம்புகளே, திருத்தங்களை நிறுத்திவைப்பதால் முதலில் செயலிழக்கின்றன.

தானியங்கிப் புதுப்பிப்பு இயங்கிக்கொண்டுதானே இருக்கிறது, பராமரிப்பு நேரம் எதற்கு என்று கேட்கப்பட்டது. இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் மேசைக்கு வரும் மாதாந்தர அறிக்கையே இந்த இடத்தில் உங்களைத் தவறாக வழிநடத்துகிறது. அந்த அறிக்கை, வன்வட்டில் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்பதைப் படித்து எல்லாக் கட்டங்களிலும் பச்சை நிறம் காட்டுகிறது. ஆனால் புதிய கெர்னல் வட்டில் வந்து அமர்ந்தபின்பும், கணினி மறுதொடக்கம் செய்யப்படும்வரை நினைவகத்தில் ஓடுவது பழைய கெர்னல்தான். நம் தரவுத்தளச் சேவையகங்களில் ஆண்டுக்கணக்கில் மறுதொடக்கம் காணாதவை உண்டு. அவற்றில் வட்டில் இருக்கும் கெர்னலையும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் அருகருகே வைத்து நான் அனுப்பிய பட்டியலுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் நூலகங்களின் நிலையும் இதுவே. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை சேவையகத்தின் நினைவகத்தைத் தொலைவிலிருந்தே எவரும் படித்துக்கொள்ள முடிந்தது. நூலகத்தைப் புதுப்பித்ததோடு வேலை முடிந்தது என்று விட்டவர்களின் வலைச்சேவைகள் மறுதொடக்கம் செய்யப்படும்வரை பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடின. மறுதொடக்கம் செய்தவர்களிலும், கசிந்திருக்கக்கூடிய தனிச்சாவிகளை (குறியாக்கத்துக்கான ரகசிய எண்களை) மாற்றிப் புதிய சான்றிதழ் பெறாதவர்கள் ஆபத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். இவை அனைத்தையும் தானியங்கிப் புதுப்பிப்பு தானாகச் செய்துவிடாது. ஓடும் கெர்னலிலேயே திருத்தத்தைப் பொருத்தும் வசதி இப்போது இருக்கிறது என்பது உண்மை. அது கெர்னலின் குறிப்பிட்ட சில ஓட்டைகளுக்கு மட்டுமே பொருந்தும், நூலகங்களுக்கும் மற்றச் சேவைகளுக்கும் அது மாற்றாகாது.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீண்டகால ஆதரவு வழங்கும் லினக்ஸ் வழங்கல்கள், அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீடுகள், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தருகின்றன. முதன்மைப் பதிப்பு எண் மாறுவதில்லை. இதனால் வெளியிலிருந்து வந்து தணிக்கை செய்பவரின் கருவி, திருத்தப்பட்ட மென்பொருளைப் பழையது என்று குற்றம் சொல்கிறது. உண்மையில் பழையதாக ஓடுவதைக் கவனிக்காமல் விடுகிறது. எண்களை மட்டும் பார்க்கும் அறிக்கைகளைக் கொண்டு இந்த முடிவு எடுக்கப்பட்டிருந்தால், அந்த அடித்தளமே சரியில்லை என்று பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

திருத்தங்களைத் தள்ளிப்போட்ட ஒரு நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு உண்டு. தென் கொரியாவில் வலைத்தளங்களுக்கு இடமளிக்கும் நயானா என்ற நிறுவனத்தின் 153 லினக்ஸ் சேவையகங்களை 2017 ஜூனில் எரிபஸ் என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) குறியாக்கம் செய்து பூட்டியது. அவற்றில் இருந்த 3,400க்கும் மேற்பட்ட வலைத்தளங்கள் முடங்கின. பேரம் பேசிய பிறகு ஏறத்தாழ 10 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதன் வலைத்தளம் 2008இல் தொகுக்கப்பட்ட 2.6.24.2 கெர்னலின் மேலும், 2006இல் வெளியான அப்பாச்சி, பிஹெச்பி என்ற வலைச்சேவை மென்பொருள் பதிப்புகளின் மேலும் ஓடிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். அந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் திருத்தங்கள் வெளிவந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. லினக்ஸ் என்பதால் பணயத் தீநிரல் வராது என்று நம் கூட்டத்தில் சொல்லப்பட்டபோது நான் இதைத்தான் எடுத்துச் சொல்ல முயன்றேன். நேரம் போதாது என்று அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள்.

ஆதரவுக் காலம் முடிந்த சேவையகங்களைப் பற்றிய உங்கள் முடிவு, மூன்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது. லினக்ஸ் வழங்கல்களில் சென்ட்ஓஎஸ் 6க்கான ஆதரவு 2020 நவம்பர் 30இலும், சென்ட்ஓஎஸ் 7க்கானது 2024 ஜூன் 30இலும், உபுண்டு 18.04க்கான பொது ஆதரவு 2023 மே 31இலும் முடிந்துவிட்டன. இந்த மூன்றும் நம்மிடம் இன்னும் ஓடுகின்றன. ஆதரவு முடிந்துவிட்டால் புதிய ஓட்டை அறிவிக்கப்படும்போது அதற்கான திருத்தம் நம்மை வந்தடையாது. இவை உள் வலையமைப்பில்தான் இருக்கின்றன, இணையத்திலிருந்து எவரும் தொட முடியாது என்ற விளக்கத்தை நான் பலமுறை கேட்டுவிட்டேன். இணையத்திலிருந்து தொடக்கூடிய ஒரே ஒரு கணினியைக் கைப்பற்றியவர் அடுத்து தேடுவது உள்ளே இருக்கும் பழைய கணினிகளைத்தான். அதற்கான பாதையையும் பெரும்பாலும் நாமே போட்டு வைத்திருக்கிறோம்: ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடவுச்சொல் கேட்காமல் செல்லும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வசதி) சாவிகள். எபரி என்ற தீநிரல் இந்தச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் திருடியே ஒரு சேவையகத்திலிருந்து அடுத்ததற்குப் பரவியது. 2009 முதல் ஏறத்தாழ 4 லட்சம் சேவையகங்கள் அதன் பிடியில் சிக்கியிருக்கின்றன என்றும், 2023இன் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை இன்னும் விடுபடவில்லை என்றும் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. லினக்ஸ் கெர்னலையே வெளியிடும் கெர்னல் டாட் ஆர்க் தளத்தின் சேவையகங்களுக்குள் அதே எபரி நுழைந்திருந்தது. கெர்னலை எழுதுபவர்களின் கணினிகளுக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள்?

இனி நம்முடைய சொந்தச் சேவையகங்களில் நான் கண்டவற்றைச் சொல்கிறேன். ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய ஒருவரின் எஸ்எஸ்ஹெச் பொதுச்சாவி, அவர் போய் நெடுநாள் ஆன பின்பும் ரூட் கணக்கின் அனுமதிப் பட்டியலில் இருந்தது. அவருடைய கணக்கை முடக்கியதும் பணி முடிந்ததாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆனால் ரூட் கணக்கில் சேர்த்துவைத்த சாவிக்கும் அவருடைய கணக்குக்கும் தொடர்பில்லை. ஒரு வணிகச் செயலியை நிறுவ வந்தவர்களின் வழிகாட்டி, நிரல்கள் எதைச் செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் செலினக்ஸை முதல் படியாகவே நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள், செயலி ஓடியது, அதை மீண்டும் இயக்கும் படி அந்த வழிகாட்டியில் எங்கும் இல்லை. 2003 முதல் கெர்னலின் ஓர் அங்கமாக இருந்துவரும் அந்தப் பாதுகாப்பு அடுக்கு, நம்முடைய மிக முக்கியமான கணினியில் இன்றும் அணைந்தே கிடக்கிறது. விதிமீறல்களைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் அதைச் சில வாரங்கள் ஓட விட்டு, செயலிக்குத் தேவையான அனுமதிகளை மட்டும் சேர்த்துவிட்டு முழுமையாக இயக்கலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தேன். அதைச் செய்வதற்கு வைத்திருந்த நேரமும் இப்போது நிறுத்திவைக்கப்பட்ட பராமரிப்பு நேரத்தில்தான் இருந்தது.

இவற்றினும் தீவிரமான ஒன்றை நீங்களும் அறிவீர்கள், அதன் காரணம் உங்களுக்கு முழுமையாக விளக்கப்பட்டதா என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன். வெளியிலிருந்து நமக்கு மென்பொருள் எழுதித்தரும் குழு, சோதனைக் கணினி ஒன்றில், மென்பொருளைக் கன்டெய்னர் எனும் தனி உறைக்குள் இயக்கும் டாக்கர் வழியாக மோங்கோடிபி தரவுத்தளத்தைக் கடவுச்சொல் இல்லாமல் ஓடவிட்டது. அந்தக் கணினியில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் விதிப்பட்டியலைக் கேட்டால் தரவுத்தளத்துக்கான போர்ட் (இணைப்பு வாயில்) மூடப்பட்டிருப்பதாகவே காட்டியது. ஆனால் வெளிக்குத் திறக்கச் சொல்லும் போர்ட்டுகளுக்கு டாக்கர் தானே நேரடியாக விதிகளை எழுதிக்கொள்கிறது. கன்டெய்னருக்குப் போகும் போக்குவரத்து, கணினிக்குள் வரும் இணைப்புகளுக்கென்று நாம் எழுதிய விதிகளைக் கடந்து வேறு பாதையில் செல்கிறது. ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அந்தத் தரவுத்தளம் இணையம் முழுவதற்கும் திறந்திருந்தது. தரவு அழிக்கப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பு விட்டுச் செல்லப்பட்டது. சோதனைக்கென்று சொல்லப்பட்ட அந்தத் தரவு உண்மையான பயனர்களின் தரவிலிருந்து எடுத்த நகல் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இணைப்பைக் கண்டுபிடித்துத் துண்டித்தவர் பாதுகாப்புக் கண்காணிப்புப் பொறுப்பில் இருந்தவர். வழக்கத்துக்கு மாறான அளவில் வெளியே செல்லும் போக்குவரத்தைக் கவனித்து, வெளியிலிருந்து போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்து, விதிப்பட்டியல் காட்டுவதும் நடப்பதும் வேறுவேறு என்று உறுதிசெய்தவர் அவர். அந்தப் பொறுப்பைத்தான் நீங்கள் உதவிப் பிரிவோடு இணைக்கிறீர்கள்.

உதவிப் பிரிவில் இருப்பவர்களின் திறமையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வரிசையில் காத்திருக்கும் அழைப்புகளுக்கு நடுவே, பதிவேட்டில் தெரியும் ஒரு சிறு முரண்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு அரைநாள் யோசிக்க எவராலும் முடியாது என்பதே என் வாதம். 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை நினைவுபடுத்துகிறேன். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் இருக்கும் ஒரு சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், எஸ்எஸ்ஹெச் வழியே கணினிக்குள் நுழைவதற்கான பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதை வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் சில ஆண்டுகள் நேர்மையான பங்களிப்பாளராக நடந்துகொண்டு, களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டு உரிமை வரை வந்தவர். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதையும் மையச் செயலகத்தின் (சிபியு) வேலைப்பளு கூடுவதையும் கவனித்து, அதன் காரணத்தைத் துருவிப் பார்த்ததால்தான் அது பெரும்பாலான நிலையான வழங்கல்களைச் சென்றடையும் முன்பே வெளிப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அரை வினாடியை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ள ஒருவர் இருந்ததால் அந்தத் திறந்த மூலநிரல் பயன்பட்டது. நம் நிறுவனத்தில் அப்படி ஒருவர் இருந்தார்.

ஒருமுறை மூடிய ஓட்டை மூடியதாகவே இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். எஸ்எஸ்ஹெச் வசதியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் நிரலில் 2006இல் திருத்தப்பட்ட ஒரு பிழை, 2020 அக்டோபரில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் மீண்டும் உயிர்பெற்று, 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகளில் இருந்து, 2024 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. உலகில் மிகக் கவனமாக எழுதப்படும் மென்பொருள்களில் ஒன்று அது.

சேவையகங்களைப் பற்றி மட்டுமே இதுவரை பேசினேன். நம் வலையமைப்பில் இருக்கும் திசைவிகள் (ரௌட்டர்கள்), கண்காணிப்புக் கேமராக்கள், சேமிப்புப் பெட்டிகள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளேயும் ஓடுவது லினக்ஸே. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட அறுபதுக்குச் சற்று அதிகமான இணைகளை முயன்று பார்த்தே இத்தகைய கருவிகளை லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று தளப்பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும், டைன் நிறுவனத்தின் பெயர்ச்சேவையகங்கள் மீது அது நடத்திய தாக்குதலால் பல பெரிய இணையச் சேவைகள் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. நம் கேமராக்களின் கடவுச்சொற்கள் மாற்றப்பட்டனவா என்பதற்கான பதிவு எதுவும் நம்மிடம் இல்லை. அவை கணக்குப் பிரிவின் கணினிகள் இருக்கும் அதே வலையமைப்பில் இருக்கின்றன.

பராமரிப்பு நேரத்தில் சேவை தடைப்படுவதால் பயனர்கள் அதிருப்தி அடைகிறார்கள் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கான வழி, ஒவ்வொரு முக்கியச் சேவைக்கும் இரண்டு கணினிகளை வைத்து, ஒன்று வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும்போது மற்றொன்றைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்வது. இதற்கான திட்ட வரைவை நான் முன்பே அளித்திருக்கிறேன். செலவைக் காரணம் காட்டி அது ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவது கணினிக்குப் பணம் ஒதுக்காமல், ஒரே கணினியை நிறுத்தவும் கூடாது என்று சொன்னால், அதைப் பராமரிப்பவருக்கு எந்த வழியும் மிஞ்சவில்லை. நாளை ஏதேனும் நேர்ந்தால் அந்த இரவு முழுவதும் விழித்திருந்து மீட்க வேண்டியவர்களும், ஏன் புதுப்பிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் இந்த முடிவை எடுக்காதவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். பாதிக்கப்படுபவர்களோ நம்மை நம்பித் தங்கள் தரவைத் தந்தவர்கள். இப்படியொரு முடிவு எடுக்கப்பட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே பின்வருவனவற்றை வெளிப்படையாகக் கோருகிறேன்.

மாதாந்தரப் பராமரிப்பு நேரத்தை உடனே மீட்டுத் தர வேண்டும். இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளும் சேவையகங்களில், தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டு வருவதாக அறிவிக்கப்பட்ட ஓட்டைகளுக்கான திருத்தத்தை அடுத்த பராமரிப்பு நாள்வரை காத்திராமல் 48 மணி நேரத்துக்குள் நிறுவி மறுதொடக்கம் செய்ய நிரந்தர அனுமதி வேண்டும். உங்களுக்கு வரும் அறிக்கை, நிறுவப்பட்ட பதிப்போடு ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும், பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளையும் காட்டுமாறு மாற்றப்பட வேண்டும்.

ஆதரவு முடிந்த ஒவ்வொரு சேவையகத்துக்கும் அது எந்த நாளில் மாற்றப்படும் என்ற கால அட்டவணையை எழுத்தில் வெளியிட வேண்டும். அதுவரை அவற்றைத் தனி வலைப்பிரிவில் ஒதுக்கி, வேலைக்குத் தேவையான போர்ட்டுகளைத் தவிர மற்ற அனைத்தையும் உள்ளே வரும் திசையிலும் வெளியே செல்லும் திசையிலும் மூட வேண்டும். உடனே மாற்ற முடியாதவற்றுக்குக் கட்டண அடிப்படையில் கிடைக்கும் நீட்டிக்கப்பட்ட ஆதரவை வாங்க வேண்டும். கேமராக்களையும் மற்றக் கருவிகளையும் அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்து வேறொரு வலைப்பிரிவில் வைக்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்காணிப்புப் பொறுப்பைத் தனிப் பணியாகவே தொடரச் செய்ய வேண்டும். சந்தேகத்துக்குரிய கணினியை எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் வலையமைப்பிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். சேவையகங்களின் பதிவேடுகள் உடனுக்குடன் வேறொரு கணினியில் சென்று சேர வேண்டும். ரூட் உரிமையைக் கைப்பற்றியவர் முதலில் அழிப்பது அந்தந்தக் கணினியிலேயே இருக்கும் பதிவேட்டைத்தான்.

எஸ்எஸ்ஹெச் வழியே கடவுச்சொல்லால் நுழைவதையும் ரூட்டாக நேரடியாக நுழைவதையும் எல்லாச் சேவையகங்களிலும் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய தனிச் சாவி, சாவியோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டாம் காரணிச் சரிபார்ப்புள்ள ஒரே நுழைவுக் கணினி, பணியை விட்டுச் செல்பவரின் சாவிகள் அன்றே எல்லாக் கணக்குகளிலிருந்தும் நீக்கப்படும் நடைமுறை ஆகிய மூன்றும் வேண்டும். மனிதவளப் பிரிவு தகவல் தராமல் எங்களால் கடைசியாகச் சொன்னதைச் செய்ய இயலாது. அந்தக் கட்டளை உங்களிடமிருந்து அவர்களுக்குச் செல்ல வேண்டும்.

காப்புநகல்களில் ஒன்றாவது, சேவையகங்களின் ரூட் உரிமையால் அழிக்கவோ மாற்றவோ முடியாத இடத்தில் இருக்க வேண்டும்; மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சேவையகத்தை அந்த நகலிலிருந்து முழுமையாக மீட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை உங்கள் கூட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். பயனர்களின் உண்மையான தரவைச் சோதனைக் கணினிகளுக்கு எடுத்துச் செல்வதைத் தடை செய்ய வேண்டும். வெளிக்குழுக்களின் ஒப்பந்தங்களிலும் இது எழுதப்பட வேண்டும்.

செலினக்ஸை நிறுத்தவோ, ஒரு திருத்தத்தைத் தள்ளிப்போடவோ, ஆதரவற்ற ஒரு கணினியைத் தொடர்ந்து ஓட்டவோ முடிவெடுக்கப்பட்டால், அந்த ஒவ்வொரு விலக்குக்கும் காரணம், காலாவதி நாள், முடிவெடுத்த நிர்வாகியின் பெயரும் கையொப்பமும் கொண்ட ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும். இப்போது வெளியிட்டிருக்கும் சுற்றறிக்கையின் மூன்று முடிவுகளும் அந்தப் பதிவேட்டின் முதல் மூன்று பதிவுகளாக இடம்பெற வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாகச் சேர்த்து, சேவையகங்களைப் பராமரிக்கும் எங்கள் குழுவிலிருந்து ஒருவரை அக்கூட்டத்துக்கு அழைத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பா மறுப்பா என்பதைக் காரணத்தோடு எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதில் வரும்வரை சுற்றறிக்கையை நிறுத்திவைத்து, வரவிருக்கும் மாதத்தின் பராமரிப்பு நேரத்தை வழக்கம்போல் நடத்த அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேவையகங்களைப் பராமரிக்கும் கணினி நிர்வாகி